வேலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது?

பெங்களூரில் பீன்யா என்று ஒரு பகுதி இருக்கிறது. மைசூர் ரோடு என்று இன்னொரு பகுதி. இந்த இரண்டு இடங்களிலும் துணி தைக்கும் கம்பெனிகள் நிறைய உண்டு. சட்டை, கால்சட்டை, குழந்தை உடுப்பு எல்லாம் இங்கே தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். காலையில் பார்த்தால், தெருத்தெருவாகப் பெண்கள் வேகவேகமாக நடந்து வருவார்கள். கையில் சாப்பாட்டுப் பை. கழுத்தில் அடையாள அட்டை. மணி அடிப்பதற்குள் உள்ளே போயாக வேண்டும்.

இவர்களில் பலருக்குச் சின்னக் குழந்தை உண்டு. அந்தக் குழந்தை அந்த நேரத்தில் எங்கே இருக்கிறது?

சிலர் மாமியாரிடம் விட்டிருப்பார்கள். சிலர் பக்கத்து வீட்டில் விட்டிருப்பார்கள். சிலர் பணம் கட்டித் தனியார் காப்பகத்தில் விட்டிருப்பார்கள். வேறு வழி இல்லாதவர்கள் பிள்ளையை ஊரிலேயே பாட்டியிடம் விட்டுவிட்டு வந்திருப்பார்கள். வருடத்துக்கு இரண்டு முறை போய்ப் பார்ப்பார்கள். அம்மா வந்ததும் பிள்ளை ஓடி வராது. பாட்டியின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்க்கும்.

"அப்படியானால் வேலைக்குப் போகாமல் இருக்கலாமே" என்று சொல்வது எளிது. வாடகை கொடுக்க வேண்டியவருக்கு அப்படிச் சொல்ல முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்

பென்சிலையும் தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே இருப்பது எடுத்துக்காட்டுக் கணக்கு. உங்கள் ஊருக்கு ஏற்ப எண்களை மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு தையல் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் 13,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 26 நாள் வேலை. ஒரு நாள் கூலி 500 ரூபாய்.

சம்பளம் முழுவதும் கைக்கு வராது. வருங்கால வைப்பு நிதிக்கு நூற்றுக்கு 12 பிடிப்பார்கள். அது 1,560 ரூபாய். இ.எஸ்.ஐ.க்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய் பிடிப்பார்கள். அது 98 ரூபாய். இரண்டும் போகக் கைக்கு வருவது 11,342 ரூபாய்.

இப்போது பிள்ளைச் செலவு. தனியார் காப்பகத்துக்கு மாதம் 3,000 ரூபாய். பால், பிஸ்கட், மதியத்துக்குப் பருப்புச் சோறு, இவற்றுக்கு 700 ரூபாய். காப்பகம் வேலைக்குப் போகும் வழியில் இல்லை. சுற்றிப் போக வேண்டும். ஷேர் ஆட்டோவுக்கு 600 ரூபாய். கூட்டினால் 4,300 ரூபாய்.

11,342-இல் 4,300 போனால் மீதி 7,042.

கணக்கு இன்னும் முடியவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் காப்பகத்தில் சேர்க்க மாட்டார்கள். மற்றப் பிள்ளைகளுக்கும் தொற்றிவிடும் என்பார்கள். அது நியாயம்தான். ஆனால் அம்மா லீவு போட வேண்டும். மாதத்தில் இரண்டு நாள் அப்படிப் போனால் 1,000 ரூபாய் போச்சு. மீதி 6,042. வாடகை 5,000 என்றால், கடைசியில் கையில் நிற்பது 1,042 ரூபாய்.

ஒரு மாதம் முழுக்கத் தையல் மிஷினில் குனிந்து உட்கார்ந்ததற்கு 1,042 ரூபாய்! மேலே உள்ள கழித்தல்களை நீங்களே ஒரு முறை போட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

காப்பகக் கட்டணம் அம்மாவின் சம்பளத்தில்தான் கழிய வேண்டும் என்று யார் சொன்னது? இந்தக் கேள்வியையும் கேட்க வேண்டும். பிள்ளை இருவருக்கும்தான். அப்பாவின் சம்பளத்தில் பாதியைக் கழித்துக் கணக்குப் போடுகிற வீடு அரிது. "உன் சம்பளம் ஆயாவுக்கே சரியாப் போகுது. நீ வீட்டிலேயே இரு" என்று பேச்சு எழுவது இந்தக் கணக்கினால்தான்.

தாளில் எழுதாத செலவு

காப்பகத்தில் விடப் பணம் இல்லாத வீடுகளில் செலவே இல்லை என்று நினைக்கக் கூடாது. அங்கே வேறு யாரோ செலவைக் கட்டுகிறார்கள்.

பல வீடுகளில் அதைக் கட்டுவது மூத்த பெண் பிள்ளை. அவளுக்குப் பத்து வயது இருக்கும். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். முதலில் வாரத்துக்கு ஒரு நாள் பள்ளிக்கூடம் போகமாட்டாள். பிறகு இரண்டு நாள். பாடம் புரியாமல் போகும். பிறகு ஒரேயடியாக நின்றுவிடுவாள். இந்தப் புத்தகத்தைப் படிப்பவர்களில் சிலருக்கு இது தெரிந்த கதையாகவே இருக்கும். சின்ன வயதில் எழுத்துக் கற்க முடியாமல் போனதற்குக் காரணம் கேட்டால், பல பெண்கள் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கிட்டேன்."

பாட்டியும் செலவு கட்டுகிறார். ஊரில் களை எடுத்துக் கூலி வாங்கிக்கொண்டிருந்தவர் அதை விட்டுவிட்டு நகரத்துக்கு வருகிறார். அந்தக் கூலி நின்றுபோகிறது. அவருடைய முட்டிவலிக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை.

பிள்ளையைத் தூளியில் போட்டுக் கதவைப் பூட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அவர்களைக் கல் நெஞ்சுக்காரர்கள் என்று சொல்லிவிடுவது சரியல்ல. பகல் முழுக்க அந்தப் பூட்டுதான் அவர்கள் மனசில் தொங்கும்.

முதலாளியின் பொறுப்பு என்ன?

பிள்ளை பெற்றவர்கள் பாடு, இதில் முதலாளிக்கு என்ன வேலை என்று சிலர் கேட்பார்கள். இந்தியச் சட்டம் அப்படிக் கருதவில்லை. நாடு விடுதலை பெற்ற மறு வருடமே, 1948-இல், தொழிற்சாலைகள் சட்டம் வந்தது. பெண்கள் 50 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில், ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஓர் அறை இருக்க வேண்டும் என்று அது சொன்னது. காற்றும் வெளிச்சமும் வர வேண்டும். சுத்தமாக இருக்க வேண்டும். பிள்ளை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண் பொறுப்பில் இருக்க வேண்டும். 1976-இல் அந்த 50-ஐ 30 ஆகக் குறைத்தார்கள்.

1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. அசாம் தேயிலைத் தோட்டம் முதல் நீலகிரி வரை அது பொருந்தியது. 1966-இல் பீடித் தொழிலாளர்களுக்கும், 1996-இல் கட்டட வேலை செய்பவர்களுக்கும் சட்டம் வந்தது. எல்லாவற்றிலும் பிள்ளைகளுக்கு அறை என்ற விதி இருந்தது.

ஆனால் பெண்களை மட்டும் எண்ணியதில் ஒரு கோளாறு இருந்தது. 31-ஆவது பெண்ணைச் சேர்த்தால் காப்பகம் கட்ட வேண்டும். அதனால் எண்ணிக்கையை 30-லேயே நிறுத்திக்கொண்ட முதலாளிகள் உண்டு. பிள்ளைக்காக வந்த சட்டமே அம்மாவின் வேலைக்குத் தடையாகிவிட்டது.

2017-இல் இது மாறியது. அந்த வருடம் மகப்பேறு சட்டத்தைத் திருத்தினார்கள். முதல் இரண்டு பிரசவத்துக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு என்று ஆனது. கூடவே, 50 பேர் வேலை செய்யும் இடத்தில் காப்பக வசதி இருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். இங்கே 50 பேர் என்பது பெண்கள் மட்டும் அல்ல. ஆண்களையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். தொழிற்சாலை மட்டும் அல்ல. கடை, ஆபீஸ் எல்லாம் இதில் வரும்.

2025 நவம்பர் 21 அன்று நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. பழைய சட்டங்கள் இவற்றுக்குள் அடங்கிவிட்டன. காப்பகம் பற்றிய விதி சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் 67-ஆவது பிரிவில் இருக்கிறது. 67 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது சொல்வது இதுதான்:

50 பேர் வேலை செய்யும் இடத்தில் காப்பக வசதி வேண்டும். அதை முதலாளி தனியாகவும் நடத்தலாம். பக்கத்துக் கம்பெனிகளோடு பணம் சேர்த்துப் பொதுவாகவும் நடத்தலாம். அரசாங்கமோ நகராட்சியோ தொண்டு நிறுவனமோ நடத்தும் காப்பகத்தைப் பயன்படுத்திக்கொள்ளவும் வழி உண்டு. அம்மா ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம். வழக்கமான இடைவேளையும் இந்த நான்கில் சேரும்.

இன்னொரு விதி படிக்கத் தெரிந்தவர்களுக்கு மிகவும் பயன்படும். ஒரு பெண்ணை வேலைக்குச் சேர்க்கும்போதே, அவருக்கு என்னென்ன பேறுகால உதவிகள் உண்டு என்பதை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். வேலையில் சேரும்போது தரும் தாள்களை மடித்துப் பையில் வைத்துவிடாதீர்கள். உட்கார்ந்து படியுங்கள். அதில் இது இல்லை என்றால் கேளுங்கள்.

கம்பெனி வாசலில் ஒரு பேச்சு

"அக்கா, பாப்பாவுக்கு ஆறு மாசம் முடியப்போகுது. அடுத்த வாரம் வேலைக்கு வரணும். எங்கே விடறதுன்னே தெரியலை."

"நம்ம கம்பெனியிலேயே காப்பகம் இருக்கே, கீழ்த்தளத்துல."

"பார்த்தேன் அக்கா. பூட்டிக் கிடக்குது. வெளிநாட்டுக்காரங்க பார்க்க வர்ற அன்னிக்கு மட்டும் திறந்து பொம்மை எல்லாம் அடுக்கி வைக்கிறாங்களாமே."

"யாரும் பிள்ளையைக் கொண்டு வரலை, அதனால பூட்டி வெச்சிருக்கோம்னு சொல்வாங்க."

"பூட்டியிருந்தா யாரு கொண்டு வருவாங்க?"

"அதைத்தான் கேட்கணும். நீ ஒருத்தி கேட்டா வாயடைச்சிடுவாங்க. பிள்ளை இருக்கிற பத்துப் பேரு பேரை எழுதிக்கிட்டுப் போவோம். நான் போன வாட்டி கேட்டப்ப, ஆயா இல்லைன்னாங்க. அதுக்கு முன்னாடி, பஸ்ஸில் கூட்டிக்கிட்டு வர்றது ஆபத்துன்னாங்க."

"அது உண்மைதானே அக்கா? எட்டு மணி பஸ்ஸில் ஏறவே முடியாதே."

"உண்மைதான். அப்போ நாம குடியிருக்கிற ஏரியாவுல நாலு கம்பெனி சேர்ந்து ஒண்ணு நடத்தட்டும். அதுக்கும் சட்டத்துல இடம் இருக்குதாம்."

பெரியவர் சொன்னது கவனிக்க வேண்டிய விஷயம். நெரிசல் பஸ்ஸில் கைக்குழந்தையோடு ஒரு மணி நேரம் வர யாராலும் முடியாது. கம்பெனிக்குள் காப்பகம் கட்டினால் மட்டும் போதாது. பிள்ளை அங்கே வந்து சேர வழி வேண்டும்.

செய்து காட்டியவர்கள்

1969-இல் டெல்லியில் ராஜ்காட் அருகே காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்காகக் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. சித்தாள் வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகள் மண்ணிலும் வெயிலிலும் கிடந்தன. மீரா மகாதேவன் என்பவர் அதைப் பார்த்தார். காந்திக்கு விழா எடுக்கும் இடத்திலேயே இப்படியா என்று அவருக்குப் பட்டது. அங்கேயே ஒரு கூடாரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தார். 'மொபைல் கிரெச்சஸ்' என்ற அமைப்பு அப்படித்தான் தொடங்கியது. மொபைல் என்றால் நகரக்கூடியது. கட்டட வேலை ஓர் இடத்தில் முடிந்து இன்னோர் இடத்துக்குப் போகும். தொழிலாளியும் போவார். காப்பகமும் கூடவே போகும். பிறகு மும்பை, புனே நகரங்களிலும் இந்த வேலை பரவியது. கட்டடக் கம்பெனிகளிடம் பேசி, இடம், தண்ணீர், செலவில் ஒரு பங்கு ஆகியவற்றைக் கேட்டு வாங்குவதும் அவர்கள் வேலையாக இருந்தது.

குஜராத்தில் அகமதாபாத் நகரில் வேறு ஒரு வழி. அங்கே காய்கறி விற்பவர், பீடி சுற்றுபவர், தலைச்சுமை தூக்குபவர் போன்ற பெண்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் சேவா. இலா பட் 1972-இல் அதைத் தொடங்கினார். தெருவில் காய் விற்பவருக்கு முதலாளி யார்? யாரும் இல்லை. 67-ஆவது பிரிவை யாரிடம் காட்டுவது? ஆகவே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் காப்பகங்கள் நடத்தினார்கள். பெற்றோரும் ஒரு சிறு கட்டணம் கொடுக்கிறார்கள். அம்மாக்கள் வேலைக்குக் கிளம்பும் நேரத்துக்குக் காப்பகம் திறக்கும். இது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் காலையில் சந்தைக்குப் போகிறவருக்குப் பத்து மணிக்குத் திறக்கும் காப்பகத்தால் ஒரு பயனும் இல்லை.

அரசாங்கம் தருவது

அங்கன்வாடி எல்லோருக்கும் தெரியும். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய திட்டம் அது. சத்துணவு, தடுப்பூசி, விளையாட்டு எல்லாம் உண்டு. ஆனால் பல இடங்களில் மதியத்தோடு முடிந்துவிடும். சாயங்காலம் வரை வேலை செய்யும் அம்மா என்ன செய்வார்? கைக்குழந்தையை அங்கே விடவும் முடியாது.

இதற்காகத் தனியாகத் தேசியக் காப்பகத் திட்டம் இருந்தது. 2017-இல் அதற்குக் கட்டணம் வைத்தார்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்துக்கு மாதம் 20 ரூபாய். மற்றவர்களுக்கு வருமானத்தைப் பொறுத்து 100 அல்லது 200 ரூபாய். தனியார் காப்பகத்தின் 3,000 ரூபாயோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 2022-இல் அந்தத் திட்டம் 'பால்னா' என்று பெயர் மாறியது. பால்னா என்றால் இந்தியில் தொட்டில். அங்கன்வாடியையே நாள் முழுக்க நடக்கும் காப்பகமாக மாற்றுவது இதில் ஒரு பகுதி. உங்கள் பகுதியில் இது உண்டா என்று அங்கன்வாடி ஊழியரிடம் கேட்டால் சொல்வார்.

மத்திய அரசு வேலையில் இருக்கும் பெண்களுக்கு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 730 நாள் வரை விடுப்பு உண்டு. 2008-இல் இது வந்தது. நல்ல விதிதான். ஆனால் அந்த ஆபீசைக் கூட்டிப் பெருக்க ஒப்பந்தத்தில் வரும் பெண்ணுக்கு இது இல்லை.

2005-இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில் அழகான ஒரு விதி இருந்தது. வேலை நடக்கும் இடத்துக்கு ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமிக்க வேண்டும். மண் வெட்டுபவருக்குக் கூலி இருப்பதுபோல அவருக்கும் கூலி உண்டு. பிள்ளை பார்ப்பதும் வேலைதான் என்று சட்டமே ஒப்புக்கொண்டது.

இன்னும் தீராத சிக்கல்

பத்துப் பேர் வேலை செய்யும் சின்னப் பட்டறை 50 பேர் விதிக்குள் வராது. வீட்டு வேலை செய்பவர் வரமாட்டார். வீட்டிலேயே பீடி சுற்றுபவர், ஊதுபத்தி உருட்டுபவர் வரமாட்டார்கள். இப்படிப்பட்டவர்கள்தான் நம் நாட்டில் அதிகம்.

வரும் இடத்திலும் ஒரு பயம் இருக்கிறது. செலவு முழுவதும் முதலாளி தலையில் விழுந்தால், "கல்யாணமான பெண்ணை எடுக்க வேண்டாம்" என்று அவர் மெல்ல ஒதுங்கிக்கொள்ளலாம். அரசாங்கமும் ஒரு பங்கு ஏற்க வேண்டும் என்று பலர் சொல்வது இதனால்தான். இன்னொரு பக்கமும் உண்டு. தையல் பழகிய ஒருவர் பிள்ளைக்காக வேலையை விட்டால், புதியவரைச் சேர்த்துப் பழக்க வேண்டும். அதுவரை லைன் தடுமாறும். அந்த நஷ்டத்தை எழுதிக் கூட்டிப் பார்க்கும் முதலாளிகள் குறைவு.

காப்பகம் இருந்தால் என்ன பார்க்க வேண்டும்?

பெயருக்கு ஓர் அறை இருந்தால் போதாது. பிள்ளையை விடுவதற்கு முன் ஒரு நாள் போய்ப் பாருங்கள். குடிதண்ணீர் மூடி வைத்திருக்கிறதா? கக்கூஸ் சுத்தமா? ஜன்னல் திறக்குமா? பெரிய பிள்ளைகளின் காலில் மிதிபடாமல் கைக்குழந்தைகளுக்குத் தனி இடம் இருக்கிறதா? ஓர் ஆயா எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறார்? சாயங்காலம் பிள்ளையை யார் வந்து கேட்டாலும் கொடுத்துவிடுகிறார்களா, பெயர் எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுக்கிறார்களா? நீங்கள் திடீரென்று நடுவில் போனால் உள்ளே விடுகிறார்களா? உள்ளே விட மறுக்கும் காப்பகத்தில் பிள்ளையை விட வேண்டாம்.

ஆயாவின் சம்பளத்தையும் விசாரித்துப் பாருங்கள். மிகக் குறைந்த சம்பளம் என்றால் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். பிள்ளைகளுக்கு முகம் பழகாது. அவருக்கும் வீட்டில் பிள்ளை இருக்கும்.

ஒரு கடிதம் எழுதலாம்

வாயால் கேட்டதற்குச் சாட்சி இல்லை. எழுதிக் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். கீழே ஒரு மாதிரிக் கடிதம் இருக்கிறது. எழுதிப் பழகுங்கள்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
(கம்பெனியின் பெயரும் முகவரியும்)

ஐயா,

நாங்கள் உங்கள் கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறோம். இங்கே 50 பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். எங்களில் 14 பேருக்கு ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். பிள்ளைகளின் பெயரும் வயதும் பின்னால் எழுதியிருக்கிறோம். கீழ்த்தளத்தில் உள்ள காப்பகம் பூட்டியே இருக்கிறது. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 67-ஆவது பிரிவின்படி காப்பகத்தைத் திறந்து, ஆயா நியமித்து, வேலை நேரம் முழுவதும் நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். பிள்ளைகளை அழைத்து வர வண்டி வசதி பற்றியும் எங்களோடு பேச வேண்டும்.

இப்படிக்கு,
(கையெழுத்துகள், தேதி)

14 என்ற இடத்தில் உங்கள் எண்ணிக்கையைப் போடுங்கள். பெங்களூரு போன்ற ஊரில் இருப்பவர்கள், கன்னடம் எழுதத் தெரிந்த தோழியிடம் சொல்லி அந்த மொழியிலும் ஒன்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்பாக்களும் கையெழுத்துப் போடலாம். போட வேண்டும்.

கடிதத்தை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஒரு மாதம் பார்த்தும் பதில் இல்லை என்றால், அந்தப் பிரதியையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள். தொழிற்சங்கம் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போகலாம்.